ஐ.ஓ.பி., காளையார்கோவில் மில், டவுன் பஸ்: எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது?

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இரண்டு பொதுத்துறை வங்கிகளையும் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தையும் தனியாருக்குக் கொடுக்கப்போவதாக மத்திய நிதியமைச்சர் அறிவித்தார். எந்த வங்கிகள் என்று அவர் பெயர் சொல்லவில்லை. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் செய்திகளில் திரும்பத் திரும்ப அடிபட்ட பெயர்களில் ஒன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி (ஐ.ஓ.பி.). காரைக்குடிப் பக்கம் அந்தச் செய்தியை மற்ற ஊர்க்காரர்களைப் போலப் படித்துவிட்டுத் தாண்டிப் போக முடியவில்லை. கானாடுகாத்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி தொடங்கிய வங்கி அது. முதல் நாளே காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் கதவு திறந்தது. 1969 ஜூலை 19-ஆம் தேதி நாட்டுடைமையான 14 வங்கிகளில் அதுவும் ஒன்று. ரங்கூன் கிளையை அதற்கு ஆறு வருஷம் முன்பே பர்மா அரசு எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆக, அரசு எடுத்துக்கொள்வது என்றால் என்ன என்பதை இரண்டு பக்கமிருந்தும் பார்த்த ஊர் இது. பர்மாவில் போனதைப் பற்றி இங்கே பேசாத குடும்பம் இல்லை. ஏன் போனது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம்தான் அங்கே கடன் கொடுத்து வாங்கிய செட்டியார்கள் கையில் இருந்தது. உலக மந்தத்தில் நெல் விலை சரிந்து கடன்கள் மூழ்கியதில் 1937-க்குள் அது 25 சதவீதமானது. நிலத்தை இழந்த விவசாயியின் கோபம்தான் பிறகு சட்டமாக வந்தது. தனியார் கை, அரசுக் கை இரண்டில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் நான் இங்கே பொதுவாகக் கேட்கப்போவதில்லை. நம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மூன்று அரசு நிறுவனங்கள் இருக்கின்றன: ஒரு வங்கி, ஒரு நூற்பாலை, ஒரு பேருந்துக் கழகம். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. எதற்கு எது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அதிக இடம் வங்கிக்குத்தான்.

வங்கியை இப்படியே விட்டுவிடலாமா?

விடலாம் என்பவர்கள் 2014-15-இலிருந்து 2019-20 வரையிலான ஐ.ஓ.பி. கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். தொடர்ந்து ஆறு ஆண்டு நட்டம். கடைசி ஆண்டில் மட்டும் 8,500 கோடி ரூபாய்க்கும் மேல். 2015-இலிருந்து 2021 செப்டம்பர் வரை ரிசர்வ் வங்கி அதைத் தன் நேரடிக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருந்தது. 2016-17-இலிருந்து ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்த மத்திய அரசு கொட்டிய மூலதனம் 3 லட்சம் கோடிக்கும் மேல். அத்தனையும் வரிப்பணம்.

இந்த நட்டம் எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். காலை பத்தரை மணிக்கு இந்தப் பக்கத்து எந்த வங்கிக் கிளையில் நுழைந்தாலும் நகைக்கடன் வரிசை நிற்கும். நகையை மதிப்பிடும் அப்ரைசர் சின்ன மேசையில் உட்கார்ந்து வளையலை உரைகல்லில் இழைத்து, அமிலம் தொட்டுப் பார்த்து, தராசில் வைத்து, கல்லுக்கு எவ்வளவு கழிவு என்று எழுதுவார். எதிரே நிற்கும் அம்மா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். விதைப்புக்கு வாங்கிய கடன் தை, மாசியில் திரும்பிவிடும். இல்லையென்றால் வட்டி கட்டி மறுபடி வைத்துவிட்டுப் போவார். இந்த வரிசையில் நின்றவர்களால் எந்த வங்கியும் மூழ்கவில்லை. மின் நிலையம், எஃகு, சாலைத் திட்டம் என்று பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள்தான் வாராக்கடனாயின. அந்தக் கடன்களை யார் சொல்லிக் கொடுத்தார்கள், யார் மதிப்பிட்டார்கள், திரும்பி வராது என்று தெரிந்த பிறகும் யார் புதுப்பித்துக்கொண்டே போனார்கள்? இப்படியே விடுவது என்றால் அந்தக் கேள்விகளையும் அப்படியே விடுவது. 2020-21-இல் லாபம் திரும்பியது, 2024-25-இல் அது 3,300 கோடியைத் தாண்டியது. சந்தோஷம்தான். ஆனால் நல்ல வருஷத்தில்தான் அமைப்பை மாற்ற முடியும்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குச் சந்தையில் விற்பது அடுத்த வழி. எல்.ஐ.சி.யில் 2022 மே மாதம் 3.5 சதவீதத்தை விற்று அரசு 20,500 கோடிக்கு மேல் எடுத்தது. ஐ.ஓ.பி.யில் அரசின் பங்கு இன்னும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். பட்டியலிட்ட நிறுவனத்தில் பொதுமக்கள் கையில் 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி, ஆகவே இந்த வழியில் கொஞ்ச தூரம் எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும். கணக்கு வெளியே வரும், கேள்வி கேட்கப் பங்குதாரர்கள் இருப்பார்கள், அதுவரை நல்லது. ஆனால் தலைவரை நியமிப்பது அதே அமைச்சகம், கடன் முடிவுகளில் அழுத்தம் கொடுப்பதும் அதே கைகள். பணம் வரும், பழக்கம் மாறாது.

இன்னொரு அரசு நிறுவனத்திடமே தள்ளிவிடுவது மூன்றாவது. 2020-இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசுக்கு இருந்த மூன்றில் இரண்டு பங்கைச் சென்னைத் துறைமுகத்திடம் 2,383 கோடிக்கு விற்றார்கள். 2019-இல் ஐ.டி.பி.ஐ. வங்கியை எல்.ஐ.சி. தலையில் வைத்ததும் இந்த வகைதான். வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போடும் வேலை. இதில் தமிழ்நாட்டுக்குப் பெருமையான ஒரு விதிவிலக்கு உண்டு: 2013-இல் நெய்வேலி நிறுவனத்தின் 3.56 சதவீதப் பங்கை வெளியே விற்க மத்திய அரசு முனைந்தபோது, தொழிலாளர் எதிர்ப்பைத் தொடர்ந்து, தமிழக அரசு தன் நிறுவனங்கள் மூலமாக அதை வாங்கியது. சின்னப் பங்கு என்பதால் அது முடிந்தது. ஒரு வங்கியையே மாநில அரசு வாங்கும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

வங்கிகளில் இந்த மூன்றாவது வழி இணைப்பு என்ற பெயரில் வரும். 2020 ஏப்ரலில் பத்து வங்கிகள் நான்காயின, இந்தியன் வங்கியில் அலகாபாத் வங்கி சேர்ந்தது. அதே கணக்கில் நாளைக்கு ஐ.ஓ.பி.யை இந்தியன் வங்கியில் சேர்த்தால் நாடு முழுக்க எப்படி இருக்குமோ, செட்டிநாட்டில் நிச்சயம் வலிக்கும். இரண்டும் தமிழ்நாட்டு வங்கிகள், இரண்டுக்கும் கிளைகள் அடுத்தடுத்த தெருவில் இருக்கும் ஊர்கள் இங்கே உண்டு. ஒரே வங்கிக்கு ஒரே ஊரில் இரண்டு கிளை எதற்கு என்று கேட்பார்கள். மூடப்படுவது ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் வரிசை இரண்டு மடங்காகும்.

மொத்தமாக விற்பது

இதைத்தான் எல்லோரும் தனியார்மயம் என்கிறோம். ஆதரிப்பவர்கள் ஏர் இந்தியாவைக் காட்டுவார்கள், சரியாகத்தான் காட்டுகிறார்கள். 2018-இல் 76 சதவீதத்தை மட்டும் விற்றுக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தபோது ஒருவரும் ஏலத்துக்கு வரவில்லை. முழுதாக விடுகிறோம் என்ற பிறகு 2021-இல் டாடா 18,000 கோடிக்கு எடுத்தது. அதில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்டது, ரொக்கமாகக் கைக்கு வந்தது 2,700 கோடி. விமானத்தில் போகிறவருக்கு வேறு விமானம் உண்டு. அரசு மாதாமாதம் அங்கே பணம் கொட்ட ஒரு காரணமும் இல்லை. அந்த முடிவு சரி.

விற்ற பிறகு என்ன நடக்கும் என்பதற்கு, வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பை நடத்திய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பாடமும் உண்டு. 2002 பிப்ரவரியில் 25 சதவீதப் பங்கு 1,439 கோடிக்கு டாடாவுக்குப் போனது. நிர்வாகமும் கூடவே போனது. சில மாதங்களில் அந்த நிறுவனத்தின் பணத்திலிருந்து 1,200 கோடியை டாடாவின் இன்னொரு தொலைபேசி நிறுவனத்தில் முதலீடு செய்ய முடிவெடுத்தபோது பெரிய சர்ச்சையானது. 700 ஏக்கருக்கு மேற்பட்ட உபரி நிலத்தைத் தனியாகப் பிரித்து வைப்பதென்று ஒப்பந்தம், அது நடந்து முடியப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் போதாது, அதற்குத் தேதியும் அபராதமும் வேண்டும் என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம்.

வெளிநாட்டுக் கதைகளும் ஒரே திசையில் போகவில்லை. சாம்பியாவில் தாமிரச் சுரங்கங்களைச் செம்பு விலை அடிமட்டத்தில் கிடந்த நேரத்தில் விற்றார்கள். கொங்கோலா சுரங்கத்தை 2000-இல் வாங்கிய ஆங்கிலோ அமெரிக்கன் இரண்டே வருஷத்தில் விட்டுவிட்டுப் போனது. 2004-இல் வேதாந்தா அதில் 51 சதவீதத்தை 2.5 கோடி டாலர் ரொக்கத்துக்கு எடுத்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் செம்பு விலை பல மடங்கு ஏறியது. 2019-இல் சாம்பியா அரசு அந்தச் சுரங்கத்தைப் பிடுங்கியது, 2024-இல் வேறு வழியில்லாமல் அதே வேதாந்தாவிடம் திருப்பிக் கொடுத்தது. அவசரத்தில் விற்றால் விலை வாங்குகிறவன் கையில். பக்கத்து இலங்கையில் நேர் எதிர்க் கதை. 1998-இல் எமிரேட்ஸ் 40 சதவீதம் எடுத்து, பத்தாண்டு நிர்வாக உரிமையோடு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸை நடத்தியது. 2007 இறுதியில் ஜனாதிபதியின் குழுவுக்காக லண்டன் விமானத்தில் ஏறவிருந்த பயணிகளை இறக்க மறுத்ததால் தலைமை நிர்வாகியின் விசாவே ரத்தானது. 2008-இல் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் சேர்த்த நட்டத்தைச் சுமந்தது 2022-இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அதே மக்கள்தான்.

சரி, வங்கிக்கு வருவோம். தனியார் வங்கி என்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் 2020 நவம்பரை மறந்துவிடக் கூடாது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி தடுமாறி, சிங்கப்பூர் வங்கியான டி.பி.எஸ்.ஸின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டபோது பழைய பங்குதாரர்களின் பங்கு மதிப்பு பூஜ்யமானது. டெபாசிட் தப்பித்தது, பங்கை நம்பியவர்கள் தப்பவில்லை. பாங்க் ஆஃப் மதுரா கதை வேறு மாதிரி. கருமுத்து தியாகராசர் 1943-இல் தொடங்கிய அந்த வங்கி 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யோடு சேர்ந்தது. கவிழவில்லை, ஒழுங்காகச் சேர்ந்தது. ஆனால் இந்தப் பகுதியின் வியாபாரியை முகம் பார்த்து அறிந்து கடன் கொடுத்த ஒரு வங்கி, கணினி சொல்லும் மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுக்கும் வங்கியானது. அது தவறென்று சொல்ல மாட்டேன். கிடைத்ததையும் போனதையும் சேர்த்து எழுத வேண்டும் என்கிறேன்.

விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைக்கு 40 சதவீதக் கடன் என்ற விதி தனியாருக்கும் உண்டே, பிறகு என்ன பயம் என்று கேட்கலாம். உண்டு. ஆனால் 2016-இலிருந்து அந்த இலக்கை எட்ட இன்னொரு வங்கி கொடுத்த கடனுக்கான சான்றிதழை விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்டலாம். பள்ளத்தூரில் ஒரு ரூபாய் கொடுக்காமலே சட்டப்படி இலக்கை முடிக்கலாம். விதி ஒரே விதிதான், கிளை இருக்குமா என்பது வேறு கேள்வி.

வாங்கப் போகிறவர் யார் என்பது எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி. பெரிய தொழில் குழுமங்களும் வங்கி வைத்துக்கொள்ளலாம் என்று 2020-இல் ரிசர்வ் வங்கியின் உள்குழு ஒன்று பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன், முன்னாள் துணை ஆளுநர் விரல் ஆச்சார்யா இருவரும் சேர்ந்து அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். சொந்த வங்கியிலிருந்து சொந்தக் கம்பெனிக்குக் கடன் போகும் என்பது அவர்கள் பயம். 1969-க்கு முன்னால் வங்கிகள் மேல் இருந்த பெரிய குற்றச்சாட்டே அதுதான். அப்போது விவசாயத்துக்குப் போன வங்கிக் கடன் மொத்தத்தில் 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. எந்தக் குழிக்கு வெளியே வந்தோமோ அதே குழிக்குத் திரும்பும் விற்பனையை நான் ஏற்க மாட்டேன்.

உடைமையை வைத்துக்கொண்டு நிர்வாகத்தைப் பிரிப்பது

எனக்குச் சரியென்று படுவது இதுதான். இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. முதலாளி தேவகோட்டையில், கடை ரங்கூனிலோ ஈப்போவிலோ. நடுவே கடல். கடிதம் போய் வரவே வாரக்கணக்கில் ஆகும். ஆனாலும் கொண்டுவிற்கும் கடைகள், அதாவது வட்டிக்கடைகள், நடந்தன. கடையை நடத்தப் போகும் மேலாளுக்குச் சம்பளச் சீட்டு எழுதி மூன்று வருஷக் கணக்குக்கு அனுப்புவார்கள். சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கு. தவணை முடிந்ததும் அடுத்து வருகிற மேலாள் கடையை ஏற்கும் முன் வரவேண்டிய கடன் ஒவ்வொன்றையும் சரிபார்ப்பார், ஏனென்றால் அழுகிய கடனை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு அவர் கணக்கில்தான் நிற்கும். ஐந்தொகை என்ற சொத்து, கடன் கணக்கு ஊருக்கு வந்து சேரும். முதலாளி தினமும் தலையிடவில்லை, ஆனால் கணக்கை விடவில்லை. யாருக்குக் கடன் கொடு என்று உறவினர் சொன்னாலும் அங்கே முடிவெடுத்தவர் மேலாள், பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

சிங்கப்பூர் அரசு 1974-இல் டெமாசெக்கை உருவாக்கியபோது செய்ததும் கிட்டத்தட்ட இந்தப் பிரிவினைதான்: நிறுவனங்களின் பங்குகளை ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, அமைச்சகம் அன்றாட முடிவுகளிலிருந்து தள்ளி நின்றது. நம் நாட்டில் வங்கி நிர்வாகத்தை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த பி.ஜே. நாயக் குழு 2014-இல் இதே யோசனையை வைத்தது. வங்கிப் பங்குகளை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு மாற்றுங்கள், இயக்குநர் குழுவுக்கு முழு அதிகாரம் கொடுங்கள், அரசின் பங்கை 50-க்குக் கீழே கொண்டுவாருங்கள் என்றது. நியமனங்களுக்கென்று 2016-இல் ஒரு வாரியம் அமைத்ததோடு அந்த யோசனையின் பெரும்பகுதி அலமாரிக்குப் போய்விட்டது. அதை வெளியே எடுக்க வேண்டும். ஐ.ஓ.பி. விஷயத்தில் முதல் ஐந்தாண்டு அரசின் பங்கை 51-க்கு இறக்கி, பெரிய கடன்களை முடிவு செய்யும் குழுவில் அமைச்சக ஆளே இல்லாமல் செய்து, தலைவருக்கு மூன்று வருஷத்துக்குக் குறையாத தவணை கொடுத்துப் பார்க்கலாம். அதுவும் தோற்றால் அப்போது விற்பனையைப் பற்றிப் பேசுவது நியாயம்.

இதில் ஓட்டை இருக்கிறது. அரசு தள்ளி நிற்கும் என்ற வாக்குறுதியைக் காப்பாற்ற வைக்க யார் இருக்கிறார்கள்? சிங்கப்பூரில் நடந்தது இங்கே அப்படியே நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இருந்தாலும் இந்தத் தவறைத் திருத்த முடியும். விற்றதைத் திரும்ப வாங்குவது சாம்பியாவுக்கே கஷ்டமாக இருந்தது.

மில்லுக்கு வேறு பதில்

காளையார்கோவிலில் காளீஸ்வரா மில்லின் 'பி' யூனிட் இருக்கிறது. தேசியப் பஞ்சாலைக் கழகத்துடையது. 1974-இல் நலிந்த மில்கள் நூற்றுக்கும் மேல் நாட்டுடைமையானபோது உருவான பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது அது. 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக இந்தக் கழகத்தின் மில்கள் நின்றன. ஊரடங்கு முடிந்தது, மில்கள் ஓடவில்லை. மூடிவிட்டோம் என்ற உத்தரவும் இல்லை, ஓட்டுவோம் என்ற வார்த்தையும் இல்லை. தொழிலாளிக்குப் பாதிச் சம்பளம், அதுவும் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. முப்பது வயதில் வேறு வேலைக்குப் போகலாம். ஐம்பது வயதில், பணிக்கொடை கைக்கு வராத நிலையில், எங்கே போவது? ஓடாத ஸ்பின்னிங் இயந்திரம் தூசியில் கிடந்தால் மாதத்துக்கு மாதம் விலை குறையும். எல்லா வழிகளையும்விட அதிகச் செலவு பிடிப்பது இப்படி முடிவெடுக்காமல் இழுப்பதுதான், அந்தச் செலவைக் கட்டுகிறவர் தொழிலாளி.

வங்கிக்குச் சொன்ன எந்தக் காரணமும் இங்கே பொருந்தாது. நூல் வாங்க நாட்டில் ஆயிரம் மில் உண்டு. அரசு நூல் நூற்க வேண்டிய அவசியம் இல்லை. மும்பையில் இதே கழகம் 2005-இல் மில் நிலங்களை விற்றபோது ஒரே ஒரு மில்லின் இடம் 702 கோடிக்குப் போனது. அங்கே வாங்கியவர்களுக்கு நிலம்தான் வேண்டும். காளையார்கோவிலில் மனைக்கு அப்படி விலை இல்லை. அது நமக்கு ஒரு விதத்தில் நல்லதுதான், ஏனென்றால் இங்கே ஏலத்துக்கு வருகிறவர் நூற்பதற்காகவே வர வாய்ப்பு அதிகம். நிலத்தை அரசே வைத்துக்கொண்டு, கட்டடத்தையும் இயந்திரங்களையும் பதினைந்து வருஷக் குத்தகைக்கு விடலாம். பழைய தொழிலாளிக்கு முதல் அழைப்பு என்ற நிபந்தனையோடு. ஒரு வருஷத்துக்குள் யாரும் வராவிட்டால் முழு நிலுவையையும் பணிக்கொடையையும் கொடுத்து முறைப்படி மூடிவிட வேண்டும். மில்லைக் காப்பாற்றுவோம் என்ற பேச்சை நம்பி இன்னும் ஐந்து வருஷம் அவர்களைக் காத்திருக்கச் சொல்வது கொடுமை.

பேருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காரைக்குடி மண்டலம் கும்பகோணம் கழகத்தின் கீழ் இருக்கிறது. லாபமுள்ள தடத்தில் தனியார் பஸ் ஏற்கெனவே முந்திக்கொண்டு ஓடுகிறது. லாபமில்லாத கிராமத்துத் தடத்துக்குக் கடைசி நடை போவது அரசு டவுன் பஸ்தான், 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. விற்றால் வாங்குகிறவர் முதலில் விடுவது அந்தத் தடத்தைத்தான். மாற்று இல்லாத சேவையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பொலிவியாவின் கொச்சபாம்பா நகரம் 2000-இல் குடிநீர்க் கட்டணத்தில் கண்டது. ஊரே தெருவுக்கு வந்து ஒப்பந்தத்தைக் கிழிக்க வைத்தது. பஸ் வாங்க முதலீடு இல்லையென்றால், தடமும் கட்டணமும் கழகத்தின் கையில் இருக்க, வண்டியையும் பராமரிப்பையும் மட்டும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எடுக்கலாம். சென்னையில் 2025-இல் மின்சாரப் பேருந்துகள் அப்படித்தான் ஓடத் தொடங்கின. ஒப்பந்தக்காரரின் ஓட்டுநருக்கும் சம்பளமும் சேமநிதியும் ஒழுங்காகப் போக வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வங்கி விற்பனை முடிவு நம்மைக் கேட்டு நடக்காது என்பது தெரியும். ஆனால் 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே போக முடியாது. அதைத் திருத்த மசோதா ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தே ஆக வேண்டும். 2021 குளிர்காலக் கூட்டத்தொடர் பட்டியலில் அப்படி ஒரு மசோதா இருந்தது, தாக்கலாகவில்லை. மறுபடி வந்தால், சிவகங்கைத் தொகுதி உறுப்பினர் அவையில் கேட்டு வாங்க வேண்டியவை நான்கு: பெரிய தொழில் குழுமத்துக்கு விற்பதில்லை என்ற வாசகம். பத்தாண்டுக்கு எந்த ஊரின் கடைசிக் கிளையையும் மூடுவதில்லை, மூடினால் இவ்வளவு அபராதம் என்ற எண். விற்பனைக்கு முன்பே வங்கிக்குச் சொந்தமான நிலம், கட்டடங்களுக்குத் தனி மதிப்பீடு. பிறகு, அரசு குறைந்தது 26 சதவீதத்தைக் கையில் வைத்திருப்பது. துத்தநாக நிறுவனமான ஹிந்துஸ்தான் ஜிங்க்கை 2002-இல் விற்கத் தொடங்கிய அரசு அதில் 29 சதவீதத்துக்கு மேல் விடாமல் வைத்திருந்தது, பின்னால் அந்தப் பங்குக்கு வந்த டிவிடெண்ட் விற்ற விலையைவிடப் பல மடங்கு.